பழைய லேத்தின் பெருமை

ரயில்வே காலனியில் வாழும் நம்மில் பலருடைய வீட்டுச் சோறு லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தின் தயவால் வருவதே. சக்கரமும் அச்சும் அதன்மீது ஏறாமல் வண்டி ஓடுவதில்லை. ஆயினும் அதன் வரலாறு அறிந்தார் சிலரே.

முற்காலத்தில் கடைசற்காரர் உளியைக் கையாற் பிடித்தே உலோகத்தைக் கடைந்தனர். கை நடுங்கினால் வேலை கெட்டது. 1771-இல் இங்கிலாந்தின் உல்விச்சில் பிறந்த ஹென்றி மாட்ஸ்லே, 1800-ஐ ஒட்டி, உளியை இரும்புத் தாங்கியிற் பூட்டி, நீண்ட திருகுதண்டும் மாற்றத்தக்க பற்சக்கரங்களும் அதனை நகர்த்துமாறு அமைத்தார். இவற்றைத் தனித்தனியே முயன்றோர் முன்னரும் உண்டு. ஒன்றாக்கி நிலைநிறுத்திய பெருமை அவருக்கே உரியது. ஒரே அளவான மரைகளை வேண்டுமட்டும் வெட்ட வழி பிறந்தது. அவரிடம் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த் 1841-இல் மரைக்கு 55 பாகைக் கோணம் வகுத்தார். நம் பட்டறைகளும் அம்மரையை நெடுங்காலம் கையாண்டன.

பழைய லேத்தை இனங்காண்பது அரிதன்று. தோல் பெல்ட் ஓடுதற்குரிய படிப்படியான கப்பியைத் தேடுக. கூரையடியில் சுழன்ற பொதுத்தண்டால் இயந்திரங்கள் ஓடிய காலத்தை அது பெரும்பாலும் காட்டும். பெயர்த்தகடு உதிர்ந்திருப்பினும் பெட்டின்மேல் எண் இருக்கலாம். அமெரிக்க சவுத் பெண்டு லேத்தில் அது வலக்கோடியில் பொறிக்கப்பட்டிருக்கும். சக்கின் அருகே பெட் மிகத் தேய்ந்திருந்தால் இகழற்க. அது பல கைகளின் உழைப்பு.

மாட்ஸ்லேயின் லேத் லண்டன் அறிவியல் காட்சிசாலையில் உள்ளது. இங்கோ, ஏலப் பட்டியலில் எடை மட்டுமே ஏறுகிறது. பட்டியல் எழுதுவோர் நம்போன்ற குமாஸ்தாக்களே. எடைக்கு மேலே அவ்வெண்ணையும் ஒருவரி குறித்தால் என்ன?