வன்தட்டு தென்படாமை: வீட்டுச் சேமிப்பகச் சர்வர்களில்

வீட்டில் உதிரிபாகங்களை வாங்கிக் கோத்து அமைத்த சேமிப்பகச் சர்வரில், மாட்டிய வன்தட்டுகளில் ஒன்றோ சிலவோ பட்டியலில் வராமல் போவதே வன்தட்டு தென்படாமை. ட்ரூநாஸ், ஓபன்மீடியாவால்ட், அன்ரெய்டு எனச் சேமிப்பகத்துக்கான எந்த இயங்குதளத்தைப் போட்டிருந்தாலும் சிக்கல் ஏறத்தாழ ஒன்றுதான். இயங்குதளம் எழுந்து வருவதற்குள் தவறு பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் ஓடிய தட்டு திடீரென்று மறைந்தால் அதன் ஆயுளைச் சந்தேகிப்பது நியாயம். புதிதாகக் கோத்த பெட்டியில் அந்த அவசரம் கூடாது. மின்சாரம், கேபிள், மதர்போர்டின் போர்ட் பங்கீடு மூன்றையும் பார்த்து முடிக்காமல் தட்டைக் கடைக்குத் திருப்பி அனுப்புவது வீண் அலைச்சல்.

தேடலைச் சுருக்கும் கேள்வி ஒன்று உண்டு: எவையெல்லாம் சேர்ந்து காணவில்லை? ஒரு தட்டு மட்டும் மறைந்தால் தட்டையோ அதன் கேபிளையோ பார்க்கலாம். நான்கு தட்டுகள் ஒருசேர மறைந்தால், அந்த நான்குக்கும் பொதுவானது எது என்று தேட வேண்டும். மறைந்தவை ஒரே பவர் கேபிளில் தொங்குகின்றனவா, தட்டுகளை இணைக்கும் ஒரே கட்டுப்பாட்டு அட்டையின் ஒரே சாக்கெட்டிலிருந்து பிரிகின்றனவா, மதர்போர்டின் கடைசி இரண்டு போர்ட்டுகளில் இருக்கின்றனவா? இதைத் தாளில் வரைந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எந்தப் படியில் நின்றது

ஒரு தட்டு பட்டியலுக்கு வருவதற்குள் சில படிகளைக் கடக்கிறது. முதலில் மோட்டார் சுழல வேண்டும். பிறகு சாட்டா இணைப்பின் இரு முனைகளும் வேகத்தைப் பேசி முடிக்க வேண்டும். அதன்பின் கெர்னல் அதற்குப் பெயர் சூட்டும். கடைசியாகச் சேமிப்பக மென்பொருள் அதை ஏற்கும். சர்வரை இயக்கும்போது தட்டின் பக்கவாட்டில் விரலை வைத்தால் முதல் படி தெரிந்துவிடும். சுழலும் தட்டில் மெல்லிய அதிர்வு இருக்கும். அதிர்வே இல்லையென்றால் மென்பொருளில் தேடுவதை நிறுத்திவிட்டு மின்சாரத்தின் பக்கம் போகலாம்.

இரண்டாம் படிக்கு லினக்ஸ் கெர்னல் பதிவே சாட்சி. ஒவ்வொரு சாட்டா போர்ட்டுக்கும் அதில் ஒரு வரி வரும். 'எஸ்ஸ்டேட்டஸ்' என்ற சொல்லை அடுத்து ஓர் எண் இருக்கும். 133 என்றிருந்தால் எல்லாம் சரி. கடைசி இலக்கம்தான் முக்கியம். 3 என்றால் இரு முனையும் பேசி முடித்துவிட்டன. 0 என்றால் எதிர்முனையில் யாரும் இருப்பதாகவே தெரியவில்லை. 1 என்றால் ஆள் இருக்கிறது, பேச்சு நடக்கவில்லை. நடு இலக்கம் வேகத்தைச் சொல்லும்: 1 வந்தால் நொடிக்கு 1.5 கிகாபிட், 2 வந்தால் 3, 3 வந்தால் 6. நேற்று 133 காட்டிய போர்ட் இன்று 113 காட்டினால், பிழைகள் பெருகியதால் கெர்னல் வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்று பொருள் கொள்ளலாம். கேபிளை மாற்றிப் பார்க்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

மூன்றாம் ஊசி

வீட்டுச் சர்வர்க்காரர்களை அதிகம் குழப்பும் காரணம் இது. சாட்டா பவர் இணைப்பில் 15 தொடுமுனைகள் உண்டு. முதல் மூன்றும் 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டவை; 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் அடுத்தடுத்து வரும். 3.3 வோல்ட்டை 3.5 அங்குலத் தட்டுகள் பெரும்பாலும் பயன்படுத்தியதே இல்லை. 2016-இல் வெளியான சாட்டா 3.3 வரையறை மூன்றாம் ஊசிக்குப் புதிய வேலை ஒன்றைக் கொடுத்தது. அதில் மின்னழுத்தம் வந்தால் தட்டு தன்னை அணைத்துக்கொள்ளும். தரவு மையங்களில் தொங்கிப்போன தட்டைக் கையால் பிடுங்காமலே அணைத்து எழுப்ப இது உதவும்.

வீட்டில் இதுவே வம்பு. தனியாக விற்கும் தட்டைவிட யூஎஸ்பி பெட்டிக்குள் அடைத்து விற்கும் தட்டு பல சமயம் விலை குறைவு. அதனால் பெட்டியை உடைத்து உள்ளிருக்கும் தட்டை எடுத்துச் சர்வரில் மாட்டுவது பரவலான வழக்கம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் யூஎஸ்பி பெட்டிகளிலிருந்து வரும் வெள்ளை லேபிள் தட்டுகள் பலவற்றில் இந்த வசதி உண்டு. பழைய பவர் சப்ளையோ மூன்றாம் ஊசிக்கு இடைவிடாமல் 3.3 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். அதை 'அணைந்திரு' என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு தட்டு அசையாமல் கிடக்கும். பெட்டியில் திரும்ப வைத்தால் ஒழுங்காக ஓடும். வாங்கியவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

தீர்வு மலிவானது. வெப்பம் தாங்கும் காப்டன் டேப்பில் மெல்லிய துண்டு வெட்டித் தட்டின் முதல் மூன்று தொடுமுனைகள்மீது ஒட்டினால் போதும். நான்கு ஊசி மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் இணைப்பி இன்னொரு வழி, மோலெக்ஸில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது. ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே வார்ப்பாக ஊற்றிய இணைப்பிகளை வாங்கக் கூடாது. உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்த நிகழ்வுகளால் அவை கெட்ட பெயர் வாங்கியவை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே அழுத்திப் பொருத்திய வகையே பாதுகாப்பு.

மின்சுமை

3.5 அங்குலத் தட்டு சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் வழியில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். சுழன்று நிலைத்தபின் அதில் சிறு பங்கே போதும். எட்டுத் தட்டுகள் ஒரே நேரத்தில் எழுந்தால் அந்தக் கணத்தில் 16 ஆம்பியர், அதாவது 190 வாட்டுக்குக் குறையாமல் தேவைப்படும். சராசரிச் செலவை மட்டும் கணக்கிட்டு வாங்கிய பவர் சப்ளையோ, ஒரே கேபிளில் பிரிப்பான்மேல் பிரிப்பான் செருகிய அமைப்போ இங்கே தடுமாறும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. முற்றிலும் அணைத்துவிட்டு இயக்கினால் ஒன்றிரண்டு தட்டுகள் வரா; அணைக்காமல் மறுதொடக்கம் செய்தால் எல்லாம் வந்துவிடும். இரண்டாம் முறை தட்டுகள் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருப்பதே காரணம். தட்டுகளை ஒவ்வொன்றாக எழுப்பும் வசதி சில அட்டைகளில் உண்டு. இருந்தால் பயன்படுத்த வேண்டும்.

கழற்றி மாட்டும் பவர் கேபிள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பவர் சப்ளைப் பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லை. ஒரு மாடலின் கேபிள் இன்னொன்றில் அழகாகப் பொருந்தும். உள்ளே 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகலாம். அப்படி ஒரு முறை இயக்கினால் அந்தக் கேபிளில் இருந்த எல்லாத் தட்டுகளின் சுற்றுப்பலகையும் கருகிவிடும். கருகிய பலகையைக் கழற்றி அதே மாடலின் வேறொரு பலகையை மாட்டினாலும் பொதுவாக வேலைக்கு ஆகாது. அந்தந்தத் தட்டுக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள சிறு சில்லில் இருக்கும். அதையும் பெயர்த்து மாற்ற வேண்டும்.

கேபிள், அட்டை, மதர்போர்டு

தரவுக் கேபிள் விலை குறைந்த பொருள் என்பதால் கடைசியாகச் சந்தேகிக்கப்படுகிறது. முதலில் சந்தேகிக்க வேண்டியது அதுதான். தட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண்ணில் சிஆர்சி பிழைகள் பதிவாகும். வழியில் சிதைந்த தரவின் எண்ணிக்கை அது. கேபிளை மாற்றினாலும் பூச்சியத்துக்கு இறங்காது. மேலும் ஏறுகிறதா என்றுதான் கவனிக்க வேண்டும்.

தட்டுகள் பெருகியதும் பலர் எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற பழைய சர்வர் அட்டைகளை வாங்குகிறார்கள். இதில் எஸ்எஃப்எஃப்-8087 சாக்கெட் ஒன்றிலிருந்து நான்கு சாட்டா முனைகள் பிரியும். இந்தக் கேபிளில் இரண்டு வகை உண்டு. ஒன்று அட்டையிலிருந்து தட்டுகளுக்குப் போவது. மற்றொன்று மதர்போர்டின் நான்கு போர்ட்டுகளிலிருந்து தட்டுக் கூண்டின் பின்பலகைக்குப் போவது. பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றே. உள்ளே கம்பிகளின் போக்கு வேறு. தவறான வகையை மாட்டினால் நான்கு தட்டுகளும் ஒரே நேரத்தில் மௌனம். இந்த அட்டைகள் விசிறிகள் இரையும் சர்வர் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. காற்றோட்டமில்லாத வீட்டுப் பெட்டியில் சூடேறினால், நன்றாக ஓடிய தட்டுகள் நள்ளிரவில் கூட்டமாக உதிரும்.

ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் சில்லுகளிலும் தட்டுகள் கூட்டமாக மறையும் இதே கதை. பேக்பிளேஸ் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட சேமிப்புப் பெட்டியின் வரைபடத்தில், பலகைக்கு ஐந்தாக ஒன்பது பிரிப்புப் பலகைகளில் 45 தட்டுகள் உட்கார்ந்தன. அந்த அமைப்பில் ஐந்து ஒன்றாக மறைந்தால் கை முதலில் போக வேண்டியது பலகைக்கு. மதர்போர்டின் சொந்தப் போர்ட்டில் பிரிப்பானை மாட்டினால் ஒரு தட்டு மட்டுமே வருவதும் உண்டு. இன்டெல் சில்லுத்தொகுதிகளின் போர்ட்டுகள் பிரிப்பானை ஏற்பதில்லை.

எம்.2 சாக்கெட்டில் எஸ்எஸ்டி செருகியதும் ஐந்தாம், ஆறாம் சாட்டா போர்ட்டுகள் செத்துப்போவது பல மதர்போர்டுகளின் இயல்பு. இரண்டும் ஒரே தரவுப் பாதையைப் பகிர்கின்றன. கையேட்டில் சிறிய எழுத்தில் ஒரு வரியாக அது இருக்கும். மதர்போர்டே குற்றவாளியான பெரிய நிகழ்வும் உண்டு. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6-வரிசைச் சில்லுத்தொகுதியில் வடிவமைப்புப் பிழை இருப்பதை அறிவித்தது. 3 கிகாபிட் சாட்டா போர்ட்டுகள் நான்கும் நாளடைவில் வலுவிழக்கக்கூடும் என்பதே அது. 6 கிகாபிட் போர்ட்டுகள் இரண்டுக்கும் பாதிப்பில்லை. பழுதைச் சரிசெய்து மாற்றிக்கொடுக்க 70 கோடி டாலர் ஆகும் என்று நிறுவனமே மதிப்பிட்டது.

தட்டே காரணமாகும்போது

சந்தேகம் உறுதியாக, சர்வரை அணைத்துவிட்டு, கேபிள்களை இருந்த இடத்திலேயே விட்டு, இரண்டு தட்டுகளை மட்டும் இடம் மாற்ற வேண்டும். பழுது அதே இடத்தில் நின்றால் கேபிளோ போர்ட்டோ. தட்டோடு நகர்ந்தால் தட்டு. இசட்எஃப்எஸ் கோப்பு முறை தன் அடையாளத்தைத் தட்டுகளிலேயே எழுதி வைப்பதால் போர்ட் மாறினாலும் அதற்குக் குழப்பமில்லை. 'டக் டக்' என்று சீராகத் தட்டும் ஒலி கேட்டால் சோதனையை அங்கேயே நிறுத்த வேண்டும். மறுபடி மறுபடி இயக்குவது தரவை மேலும் கெடுக்கும்.

இயந்திரத்தில் பழுதே இல்லாமல் மறைந்த தட்டுகளும் வரலாற்றில் உண்டு. சீகேட்டின் பாரகூடா 7200.11 வரிசையில், தட்டின் உள்நிகழ்வுப் பதிவேடு குறிப்பிட்ட ஓர் எண்ணில் நிற்கும்போது மின்சாரம் போய் வந்தால் ஃபர்ம்வேர் அப்படியே உறைந்துவிடும். பயாஸ் கண்ணுக்குத் தட்டே தெரியாது. தரவு உள்ளே பத்திரமாக இருக்கும். 2009 ஜனவரியில் நிறுவனம் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. ஏற்கெனவே உறைந்தவற்றை, சுற்றுப்பலகையின் தொடர்முனையில் கம்பி இணைத்துக் கட்டளைகள் தட்டிப் பலர் வீட்டிலேயே உயிர்ப்பித்தார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் விலகும் தட்டின் கதை வேறு. படிக்க முடியாத இடம் வந்தால் சாதாரண மேசைக்கணினித் தட்டு ஒரு நிமிடத்துக்கும் மேல் முயன்றுகொண்டிருக்கலாம். லினக்ஸ் வழக்கமாக 30 நொடியே பொறுக்கும். அதற்குப்பின் இணைப்பை உலுக்கும், தட்டு தொகுப்பிலிருந்து வெளியேறும். சேமிப்பகத்துக்கென்றே விற்கும் தட்டுகள் 7 நொடியில் கைவிட்டுப் பிழையை ஒப்புக்கொள்ளும். தடங்களை ஓடுபோல் ஒன்றின்மேல் ஒன்று பதிக்கும் எஸ்எம்ஆர் தட்டுகள் மீள்கட்டமைப்பின்போது திணறி விலகுவதும் உண்டு. ரெட் வரிசையின் சில 2 முதல் 6 டெராபைட் மாடல்களில் இந்த முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. சேமிப்பகத்துக்கென்று விளம்பரப்படுத்திய வரிசை அது என்பதால் வாங்கியவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

தெரிந்தும் பயன்படாதவை

சில தட்டுகள் பட்டியலில் வரும், ஆனால் உதவா. பெரிய நிறுவனச் சேமிப்பகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் சாஸ் தட்டுகளில் ஒரு பிரிவுக்கு 512 பைட்டுக்குப் பதில் 520 பைட் இருக்கும். மறுபடி வடிவூட்டும் வரை கொள்ளளவு பூச்சியமாகவே தெரியலாம். அந்த வேலை பெரிய தட்டுகளில் பல மணிநேரம் எடுக்கும். நடுவில் மின்சாரம் போகக் கூடாது. மெய்நிகர் கணினிக்குள் ட்ரூநாஸ் ஓட்டுபவர்கள், சாட்டா கட்டுப்படுத்தியை முழுதாக விருந்தினர் கணினிக்கு ஒப்படைத்தார்களா என்று பார்க்க வேண்டும். மலிவான யூஎஸ்பி கூண்டுகள் தம்முள் இருக்கும் தட்டுகள் அனைத்துக்கும் ஒரே வரிசை எண்ணைச் சொல்வதும் உண்டு; அப்போது மென்பொருள் அவற்றை ஒரே தட்டாக நினைத்துக்கொள்ளும். 32 பிட் முகவரியோடு நின்றுவிட்ட பழைய கட்டுப்படுத்திகளுக்கு 512 பைட் பிரிவுகளில் 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அங்கே எண் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப, 3 டெராபைட் தட்டு 746 ஜிபி என்று காட்டும்.