திசைச்சொல்

ஒரு சொல் எப்பொருளை உணர்த்துகின்றது என்பதோடு, அஃது எவ்விடத்திலிருந்து வந்தது என்பதையும் பழந்தமிழ் இலக்கணம் ஆராய்ந்தது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனத் தொல்காப்பியம் செய்யுட்குரிய சொற்களை நான்காக வகுக்கும். இவற்றுள் திசைச்சொல் என்பது, பெயர் மாறாதிருக்கப் பொருள் மட்டும் விரிந்த குறியீடாகும்.

செந்தமிழோடு சேர்ந்த பன்னிரண்டு நிலங்களில் அவ்வந்நிலத்தார் தத்தமக்குரிய முறையில் வழங்கிய சொல்லையே தொல்காப்பியர் திசைச்சொல் என்றார். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என வழங்கியதை உரைகள் எடுத்துக்காட்டும். ஆகவே, அது தமிழுக்குள்ளேயே அமைந்த வட்டார வேறுபாடு. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியாரோ, இப்பன்னிரு நிலங்களோடு பிறமொழி வழங்கும் பதினேழு நிலங்களையும் கூட்டினார். அவற்றின் பெயர்களை உரைகள் கூறுமிடத்துச் சிங்களமும் சீனமும் வருகின்றன. அயலார் தொடர்பு பெருகிய காலத்தில் பழைய எல்லை போதாமற் போயிருத்தல் வேண்டும்.

அவ்விரிவின் பயனை ஈழத்திற் காணலாம். 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். முன்னவர் மொழியிலிருந்து கதிரை, அலவாங்கு, பாண் என்பனவும், பின்னவர் மொழியிலிருந்து கந்தோர், இலாச்சி என்பனவும் வந்து குடியேறின. வந்தவை வந்தவாறே நிற்கவில்லை. 'கதெய்ரா' என்பது ஐகார ஈறு பெற்றுக் கதிரையாகி, 'கதிரையில்', 'கதிரைக்கு' என வேற்றுமை உருபும் ஏற்றது. லகரம் தமிழில் மொழிமுதலாகாமையின் இலாச்சி ஓர் இகரத்தை முன்னே பெற்றது. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைவதே வடசொல் என்று தொல்காப்பியர் வகுத்த நெறி, அவர் அறியாத மொழிகளுக்கும் பொருந்திற்று!

நாற்காலி இருக்கக் கதிரை எதற்கு என்று தூய்மை விரும்புவோர் வினவுவர். கதிரை பிறப்பால் அயற்சொல். ஆதலின் நன்னூலார் கருத்துப்படி திசைச்சொல். தமிழகத்தில் வழங்காது ஈழத்தில் வழங்குதலின், தொல்காப்பியர் நெறியிலும் அதனை அவ்வாறே கொள்ளலாம். இருவகையாலும் உரிமை பெற்ற சொல்லை விலக்குவது எளிதன்று. விலக்குவதாற் பெறும் ஊதியமும் சிறிதே.

தோம்பு என்னும் சொல்லோ இதனினும் வலிமையுடையது. காணியையும் அதன் உடையாரையும் அரசுக்குரிய இறையையும் பதிந்த ஏட்டைப் போர்த்துக்கேயர் அப்பெயரால் அழைத்தனர். ஒல்லாந்தரும் அப்பெயரையே கொண்டனர். கந்தோரின் இடத்தை எழுத்து வழக்கில் அலுவலகம் பெரிதும் பிடித்துக்கொண்டது. தோம்பின் இடத்திற்கு வேறு சொல் வரவில்லை. அக்காலக் காணி உரிமையை ஆராய்வோர் இன்றும் அதனையே எடுத்தாளுகின்றனர்.