தட்டிய கையும் கட்டிய கையும்

மார்கழித் திங்கள். சென்னை இசை மன்றங்களில் தனி ஆவர்த்தனம் நடக்கிறது. மிருதங்கம் முழங்குகிறது, அவை மெய்ம்மறக்கிறது, கைதட்டல் கூரையை அதிரச் செய்கிறது. தட்டிய வித்துவான் இன்னார் என்று எல்லோரும் அறிவர். அவருடைய குரு யார், குருவின் குரு யார் என்றும் அறிவர். அந்தத் தோலைப் பதமாக்கி, வெட்டி, இழுத்துக் கட்டி, அதனைப் பேச வைத்தவர் யார்? இக்கேள்விக்கு விடை சொல்ல அவையில் எத்தனை பேர் எழுவர்?

காவிரி பாயும் தஞ்சைத் தரணி நெல்லுக்குப் பெயர் பெற்றது. இசைக்கும் பெயர் பெற்றது. அதே தஞ்சையில், சிறு பட்டறைகளில் அமர்ந்து, தோலும் கத்தியும் வாருமாக வாழ்ந்த குடும்பங்களைப் பற்றி ஏடுகள் பேசியது குறைவு. நாம் பேசுவோம்.

மிருதங்கத்துக்கு உடல் பலாமரம்; உயிர் தோல். வலந்தலையில் மூன்று அடுக்குத் தோல் வேண்டும். பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேர்ந்தால்தான் கருவி முழுமை பெறும். இரு தலைகளையும் இழுத்துப் பிடிப்பது தோல்வார். வலந்தலையின் நடுவே இருக்கும் கருவட்டமான கரணை, வெந்த சோற்றோடு கற்பொடியைக் குழைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது. காவிரி நாட்டுச் சோறு வயிற்றை வளர்த்ததோடு நாதத்தையும் வளர்த்தது! எந்தத் தோல் எந்தச் சுருதிக்கு இசையும் என்பதை விரல் தடவிச் சொல்ல வேண்டும். செவி கேட்டுத் தீர்ப்பளிக்க வேண்டும். இத்தனை நுட்பம் அறிந்தவரைக் கலைஞர் என்றா ஊர் அழைத்தது? இல்லை; சாதிப் பெயரால் அழைத்தது.

இது நேற்று முளைத்த கொடுமையன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் புரட்டுங்கள். ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என அறுவர்க்கும் இலக்கணம் உண்டு. அரங்கின் நீள அகலத்துக்கும் அளவு உண்டு. தண்ணுமைக்குத் தோல் போர்த்தவனுக்கு அந்த வரிசையில் இடமில்லை. 1010-இல் முடிவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படியுங்கள். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் உள்ளது. அக்கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களின் நிலக்கணக்கிலோ, பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. நெல்லைப் பொதுவாக அளந்த காலம், மனிதரைப் பிரித்து எழுதியது!

அண்மைக் காலத்துக்கு வருவோம். தஞ்சையில் செவிட்டியான் என்று ஊர் அழைத்த செபஸ்தியானின் வழிவந்தோர், தாழ்த்தப்பட்ட வகுப்புக் கிறித்தவர்கள். மிருதங்கம் செய்வதில் வல்லவர்கள். மதம் மாறிற்று, ஊர் இட்ட முத்திரை மாறவில்லை. அந்த மரபில் வந்த பர்லாந்துதான் பாலக்காடு மணி ஐயருக்குக் கருவி செய்து தந்தவர். ஒருவர் தட்டிப் பார்த்துக் குறை சொல்வார். மற்றவர் தோலை மாற்றி, வாரை இறுக்கி, விடை சொல்வார். 1966-இல் மியூசிக் அகாதெமி மணி ஐயருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. மிருதங்க வித்துவானுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. அதில் பாதி பர்லாந்துக்கு உரியது என்றால் பிழையாகுமா?

இவர்தம் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலாக எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர இசைந்த கலாக்ஷேத்ரா, பின்னர் மறுத்தது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. பசுத்தோலின் ஒலிக்கு மேடை உண்டு. பசுத்தோலைப் பற்றிய உண்மைக்கு மேடை இல்லை! ஒலி புனிதமாம்; தோல் தீட்டாம். பகுத்தறிவுக்கு இது பொருந்துமா?

"இக்கலை அழியலாமா? அந்தப் பிள்ளைகள் அப்பன் தொழிலையே தொடரட்டும்" என்று சிலர் உருகுவர். தோழர்களே, அந்த உருக்கத்தில் ஏமாற வேண்டாம்! 1953-இல் இராஜாஜி அரசு அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொணர்ந்தபோது, அதனைக் குலக்கல்வி என்று நாடு எதிர்த்தது. 1954-இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 2023-இல் ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டம் வந்தது. விண்ணப்பிப்போரின் குடும்பம் வழிவழியாக அத்தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. சாதியைக் கேளாத கலைஞர் கைவினைத் திட்டத்தை வகுத்தது. 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு மானியமும் அத்திட்டத்தில் உண்டு. பிறப்பைக் கேட்கும் உதவி விலங்கு. திறனைக் கேட்கும் உதவி ஊன்றுகோல்.

நாம் வேண்டுவது எளிது. பட்டறைக்காரரின் மகள் மருத்துவராக விரும்பினால் பள்ளிக் கதவு திறந்திருக்கட்டும். வேறு குலத்து இளைஞன் தோலைத் தொட்டுத் தொழில் கற்க விரும்பினால், அவன் வீட்டார் மூக்கைப் பொத்தாதிருக்கட்டும். கிழிந்த தோலை மாற்றவும் உதிர்ந்த கரணையைப் புதுப்பிக்கவும் வித்துவான்கள் நாடிவரும் பட்டறை அது. அங்கே விலை பேசுகையில் தோலுக்கும் மரத்துக்கும் கணக்குப் பார்க்கிறோம். கைக்கும் செவிக்கும் கணக்கு வேண்டாமா? அழைப்பிதழில் வித்துவான் பெயருக்குக் கீழே, கருவி செய்தவர் பெயரையும் அச்சிடுவதற்கு மை எவ்வளவு செலவாகும்?

அடுத்த முறை கைதட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மிருதங்கம் செய்தவர் யார்?" விடை வரும்வரை கேளுங்கள்.