ஒரே அடிமரம், இரண்டு கணக்கு

இலங்கையில் தன் வளவில் நிற்கும் பலாவைத் தறிக்கவும் ஒருவர் அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவோடு ஈரப்பலாவையும் காவலுக்குள் கொண்டுவந்தது. உணவுக்காக வந்த சட்டம் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் மாமரமும் உணவுதான் தருகிறது. பலாவுக்குத் தனிக் காவல் தேவைப்பட்டதன் காரணம் அது காய்க்கும் இடத்திலேயே இருக்கிறது. மா கொப்பு நுனியில் பூக்கும். பலாவின் பூ அடிமரத்தையும் முதிர்ந்த கிளைகளையும் பிளந்து வரும். நிலத்தை ஒட்டிக் காய்க்கும் பழம் மேலே காய்ப்பதைவிட இனிப்பு என்று 14ஆம் நூற்றாண்டிலேயே பயணி இபின் பதூதா பதிவுசெய்தார். தச்சருக்கு வேண்டியதும் அதே அடிமரம்தான். கறையான் எளிதில் அரிக்காத அந்த மஞ்சள் வைரத்தில் ஒல்லாந்தர் காலத்து நாற்காலிகளும் பெட்டகங்களும் உருவாயின. மரம் நன்றாகக் காய்க்கும் வயதும் நல்ல விலை போகும் வயதும் ஒன்றாகிவிடுவதால், கைமுடை வந்தால் முதலில் கோடரி தேடுவது பலாவைத்தான்.

அந்த இழப்பின் அளவு பஞ்சத்தில்தான் தெரியும். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. மூசாகக் கறிக்கும், முற்றியதும் அவித்துச் சோற்றுக்கு ஈடாகவும், கொட்டையாகச் சேமிப்புக்கும் உதவுவது பலா. சட்டம் வந்தபோது அந்தத் தட்டுப்பாட்டுக்கு ஒன்பது வயதுதான்.

வெட்டத் தடையென்றால் யார் நடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. மர விலையை நம்பி நடுபவர் தயங்கக்கூடும். ஆனால் மர விலை ஒருமுறை வருவது, அதுவும் பெரும்பாலும் நட்டவரின் பிள்ளைக்கு. காயோ சில ஆண்டுகளில் தொடங்கி ஆண்டுதோறும் வருகிறது. நடுவதற்குப் பழமே போதிய காரணம் என்பதைப் பாணந்துறை ஆதர் வி. டயஸ் காட்டினார். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தை அடுத்துச் சிறைப்பட்ட அவர், பின்னர் பத்து லட்சம் பலா நட வேண்டும் என்று ஊர் ஊராக இயக்கம் நடத்தினார். சிங்கள மக்கள் அவரை ‘கொஸ் மாமா’ (பலா மாமா) என்றே அழைத்தார்கள். சட்டமும் முழுத் தடை விதிக்கவில்லை. தக்க காரணம் இருந்தால் அனுமதி உண்டு. உடைமையாளரின் உரிமையைப் பறிக்காமல், அவசரத்தை மட்டும் அது தாமதப்படுத்துகிறது. காயையும் பலகையையும் ஒரே தண்டில் சுமக்கும் மரத்துக்கு அந்தத் தாமதமே பொருத்தமான காவல்.