முதல் நாயனம்: திமிரியா, பாரியா?

மேற்கத்திய இசை படிக்கும் நண்பன் ஒருவன் டபுள் பாஸ் வாங்க அலைந்து கொண்டிருக்கிறான். பிளைவுட்டா, செதுக்கிய மரமா, முழு அளவா, முக்கால் அளவா என்று தினமும் ஒரு குழப்பம். அவன் புலம்பலைக் கேட்டபோது, நம் ஊரில் நாகஸ்வரம் கற்கும் பையனுக்கும் இதே தலைவலிதானே என்று தோன்றியது. அந்தத் தலைவலிக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

பழைய நாயனம் திமிரி. குட்டையானது, சுருதி அதிகம், நாலு நாலரைக் கட்டைக்கு மேல் பேசும். ஏன் அப்படி? திருவண்ணாமலை தீபத் திருவிழாவில் மாடவீதியில் சாமி புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும். கூட்டம், வெடிச் சத்தம், தேர்ச் சத்தம் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வரவேண்டுமே! தெருவுக்காகச் செய்த வாத்தியம் அது.

பிறகு காலம் மாறியது. மைக் வந்தது, கிராமபோன் தட்டு வந்தது, வானொலி வந்தது. நாகஸ்வரம் வீதியிலிருந்து மேடைக்கும் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குத் திமிரியின் கூர்மை வேண்டாம், கனமான நாதம் போதும். இந்த மாற்றத்தின் பெரிய பெயர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). சுமார் இரண்டரை அடி நீளமுள்ள, இரண்டு, இரண்டரைக் கட்டை சுருதியில் பேசும் பாரி நாயனம் நிலைபெற்றது அவர் காலத்தில்தான்.

அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. நீளத்தைக் கூட்டியது மட்டும் அவர் வேலை இல்லை. பழைய நாயனத்தில் பிரதி மத்யமம் சுலபமாக விழும். சுத்த மத்யமத்தை ஊதுகிறவர்தான் மூச்சை அடக்கிக் கொண்டுவர வேண்டும். ஆசாரி துளைகளின் கணக்கை மாற்றி, சுத்த மத்யமம் தானாகவே பேசும்படி செய்தார். ராஜரத்தினம் பிள்ளை என்றாலே தோடி. தோடியில் வருவது சுத்த மத்யமம். கணக்கு புரிகிறதா?

சரி, வாங்கப் போகிறவர் கவனிக்க வேண்டியது என்ன?

முதலில் மரம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், பல வருடம் காய்ந்த ஆச்சா மரம்தான் நல்லது. பச்சை மரம் பின்னால் வெடிக்கும்.

அடுத்தது சுருதி. இதுதான் முக்கியம். வாசிக்கும் துளைகள் ஏழு, மற்றவை ஐந்து. அந்த ஐந்தில் மெழுகு அடைத்துச் சுருதியைக் கொஞ்சம் சரிசெய்யலாம், அவ்வளவுதான். இரண்டு கட்டை நாயனத்தை நாலு கட்டை ஆக்க முடியாது. குருநாதர் இரண்டு கட்டையில் வாசிக்க, சிஷ்யன் மலிவாகக் கிடைத்ததென்று வேறு சுருதியில் வாங்கிப் போனால் கூட உட்கார்ந்து ஒரு வர்ணம்கூட வாசிக்க முடியாது. கொடுத்த காசு பரணில் கிடக்கும்.

கடைசியாக சீவாளி. அதை மாற்றிக் கொள்ளலாம், அதற்காகக் கவலை வேண்டாம்.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் அந்தக் குறியீடு உங்கள் சுருதியைச் சொல்லாது. எங்கே, யாரோடு வாசிக்கப் போகிறோம் என்பதுதான் சொல்லும். அன்று ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் நாயனத்தை நீளவைத்ததும் அதே கேள்விதான்.

நண்பனுக்கும் இதையே சொன்னேன்: "கடைக்குப் போவதற்கு முன்னால் உன் வாத்தியாரைக் கேள்டா!"