பன்மாறிச் சோதனைக்குப் பின்: தொடர் பகுப்பாய்வு முறைகளின் வரலாறும் மதிப்பீடும்

முன்னுரை

சார்ந்த மாறிகள் பலவற்றை ஒருங்கே கொண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வாளருக்குப் பன்மாறி மாறுபாட்டுப் பகுப்பாய்வு (மானோவா) தரும் விடை, குழுக்களின் சராசரித் தொகுதிகள் சமமல்ல என்பது மட்டுமே. எம்மாறியில் வேறுபாடு என்பதை அது கூறுவதில்லை. அதனை அறியக் கையாளப்படும் தொடர் முறைகளுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்கலாமா என்பதை அவற்றின் வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

ஹாரல்ட் ஹோட்டலிங் 1931இல் இரு குழுக்களை ஒப்பிடும் டி-வர்க்க அளவையை வெளியிட்டார். 1932இல் சாமுவேல் வில்க்ஸ் பல குழுக்களுக்குரிய லாம்டா அளவையை அளித்தார். இத்தகைய கூட்டுச் சோதனைகளின் தேவை தெளிவானது. ஒன்றையொன்று சாராத 5 மாறிகளைத் தனித்தனியே 5 விழுக்காட்டு மிகைகாண் நிலையில் சோதித்தால், இன்மைக் கருதுகோள்கள் யாவும் உண்மையாயினும் ஒன்றேனும் தவறாக மறுக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 22.6 விழுக்காடாகிறது.

பிரித்தறி சார்பு

ரொனால்டு ஃபிஷர் 1936இல் ஐரிஸ் மலர்களின் 4 அளவுகளை இணைத்து, இனங்களைப் பிரித்தறியும் நேரியல் சார்பை அமைத்தார். எட்கர் ஆண்டர்சன் திரட்டிய தரவுகளில் புல்லி இதழின் சராசரி நீளம் செட்டோசாவில் 5.01 செ.மீ., வெர்சிகலரில் 5.94 செ.மீ. ஆகும். தனியே நோக்கின், நீண்ட புல்லி இதழ் வெர்சிகலரைச் சுட்டும். ஆயின் ஃபிஷரின் சார்பில், பிற அளவுகளுடன் இணைகையில், அதே நீளத்தின் எடை செட்டோசாவின் பக்கம் சாய்கிறது. இரண்டும் பிழையல்ல, அவை வெவ்வேறு வினாக்களுக்குரிய விடைகள்.

ராயின் பங்களிப்பு

இந்தியப் புள்ளியியலாளர் எஸ். என். ராய் 1953இல் வகுத்த ஒன்றிப்பு–வெட்டுக் கோட்பாடு, சோதனையையும் அதன் தொடர்ச்சியையும் ஒரே தருக்கத்தில் பிணைத்தது. அதே ஆண்டில் ஆர். சி. போஸுடன் அவர் அளித்த ஒருங்கமை நம்பிக்கை இடைவெளிகள், மாறிகளின் எல்லா நேரியல் சேர்க்கைகளுக்கும் பாதுகாப்பளித்தன. அதற்கு ஈடாக இடைவெளிகள் அகன்றன. சிறு வேறுபாடுகள் புலப்படாது போயின. 1958இல் ராயும் பார்க்மனும் முன்வைத்த படிநிலைச் சோதனை, முந்தைய மாறிகளின் விளைவை நீக்கி அடுத்ததை மதிப்பிடுகிறது. மாறிகளின் வரிசை கோட்பாட்டு அடிப்படையில் முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் இதன் இன்றியமையா நிபந்தனை.

‘பாதுகாப்பு’ எனும் நம்பிக்கை

ஹம்மலும் ஸ்லைகோவும் 1971இல் கணினிப் பாவனை ஒப்பீட்டின் அடிப்படையில், மானோவாவுக்குப் பின் ஒருமாறிச் சோதனைகளை நிகழ்த்தும் முறையைப் பரிந்துரைத்தனர். எளிமையால் அது நிலைபெற்றது. எனினும் மானோவா அளிக்கும் பாதுகாப்பு, எல்லா மாறிகளிலும் குழுக்கள் சமமாக உள்ள நிலைக்கே முழுமையாகப் பொருந்தும். ஒரு மாறியில் பெரும் வேறுபாடு இருப்பின் அம்மாறியே வாயிலைத் திறந்துவிடும். எஞ்சியவற்றுக்குக் காவல் இல்லை. மாறிகளிடையிலான ஒட்டுறவும் இச்சோதனைகளில் கைவிடப்படுகிறது. ஹூபர்ட்டியும் மோரிஸும் 1989இல் இவ்வழக்கத்தைக் கடுமையாக மறுத்தனர்.

முடிவுரை

மாறிகளைத் தனித்தனியே அறிவதே நோக்கமாயின் மானோவா எனும் வாயில் தேவையில்லை. போன்ஃபெரோனி போன்ற திருத்தமே போதுமானது. மாறிகளைக் கூட்டமைப்பாகக் கருதின் பிரித்தறி பகுப்பாய்வும், கோட்பாட்டு வரிசை இருப்பின் படிநிலைச் சோதனையும் பொருந்தும். எனவே தொடர் முறையைத் தெரிவு செய்தல் மிகைகாண் முடிவு கிடைத்த பின்னர் எழும் பணியன்று. ஆய்வுவினாவை வகுக்கும்போதே முடிவு செய்யப்பட வேண்டியதாகும்.