பழைய சமுதாயக்கூடத்தை இடிச்சா புதுசு எப்போ வரும்? தாம்பரம்வாசிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

சுவரில் விரிசல், மழை பெய்தால் ஒழுகல். இப்படி ஒரு சமுதாயக்கூடம் உங்க ஏரியாவிலும் இருக்கா?

யார் பொறுப்பு?
5 நகராட்சிகள், 5 பேரூராட்சிகளை இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம் என அந்தந்த உள்ளாட்சி வசம் இருந்த கூடங்களுக்கு இனி மாநகராட்சியே பொறுப்பு.

கோரிக்கையை எங்கே வைப்பது?
வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கலாம். ஏரியா சபையிலும் பேசலாம். 2022 நவம்பர் 1-ல் பம்மலில் நடந்த ஏரியா சபையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே பங்கேற்றார்.

அடுத்து என்ன?
கட்டடத்தின் உறுதியைப் பொறியாளர்கள் ஆய்வு செய்து மதிப்பீடு போடுவார்கள். பிறகு மாமன்றத் தீர்மானம், நிதி, டெண்டர்.

பணம் எங்கிருந்து?
மாநகராட்சி நிதி ஒரு வழி. 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால், மீதியை அரசு தரும்.

பக்கத்து பார்க்கில் கட்டலாமா?
கூடாது. மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய ஓ.எஸ்.ஆர். நிலம் பூங்கா, விளையாட்டுத் திடலுக்கு மட்டுமே.

இதை மறக்காதீங்க
இடித்தபின் நிதி வரலைன்னா, வளைகாப்பு, காதுகுத்துக்குக்கூட தனியார் மண்டபம்தான் கதி. அதனால் டெண்டர் முடிந்த பிறகே இடிப்பு, அதுவரை மாற்று இடம், புதிய கூடத்திலும் கட்டுப்படியாகும் வாடகை... இந்த மூன்றையும் மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.